மனுகாவுக்கு ஆறு பஸ்: ‘சந்தி’யின் புதிய பதிப்பும் நாற்பத்தாறு சாப்பாட்டுப் பெட்டிகளும்

கடந்த சனிக்கிழமை நானும் என் கணவர் அந்தோனியும் ஒக்லாந்தில் சான்ட்ரிங்ஹாமில் உள்ள வீட்டிலிருந்து காலை 7.50க்குப் புறப்பட்டு, மனுகாவுக்கும் பக்குரங்காவுக்கும் போய், மாலை 6.05க்குத் திரும்பி வந்தோம். ஆறு பஸ்கள், ஏறக்குறைய எழுபது கிலோமீற்றர். பார்க்கப் போனது கடற்கரையோ எரிமலைக் குன்றோ இல்லை, ஒரு மென்பொருளின் புதிய பதிப்பை. இப்படிப்பட்ட வெளியீட்டுக் கூட்டங்களுக்கு யாரும் போகலாம், நுழைவு இலவசம், எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரரையும் கதவில் நின்று வரவேற்பார்கள். அடுத்த முறை போக நினைப்பவர்களுக்காக நேரமும் தூரமும் குறித்து எழுதுகிறேன்.

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்குரங்காவில் இருக்கும் பாக்கியம் அக்கா ஒவ்வொரு புதன்கிழமையும் தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறார். நாற்பத்தாறு பேர். சமையல் அவருக்குப் பெரிய வேலையே இல்லை. எழுபத்துநாலு வயதிலும் இரண்டு பேரின் உதவியோடு பதினொரு மணிக்குள் பெட்டிகளை மூடிவிடுவார். கஷ்டம் செவ்வாய்க்கிழமையில்தான். யார் யாருக்கு இந்த வாரம் சாப்பாடு வேண்டும் என்ற தகவல் சிலரிடமிருந்து போன் செய்தியாக வரும், சிலரிடமிருந்து இணையப் படிவத்தில் வரும். இவை தவிர மகன் திறந்து கொடுத்த ஒரு மின்னஞ்சல் பெட்டியும் உண்டு. வந்ததையெல்லாம் பார்த்து ஒரு கொப்பியில் ஒற்றைப் பட்டியலாக எழுத அக்காவுக்கு நாலு மணித்தியாலம் பிடிக்கும். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கிறார். சின்ன எழுத்து தெரியாது.

முந்தின வாரம் போனில் அவர் எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“மேரி, இந்தச் சனி பின்னேரம் எல்லாருக்கும் நிப்பாட்டுறன் எண்டு செய்தி அனுப்பப்போறன். அதுக்கு முதல் உன்ர மெசின் சரியான பட்டியல் தந்தால் கொண்டுவந்து காட்டு. இல்லாட்டி என்னைக் குறை சொல்லக்கூடாது.”

‘உன்ர மெசின்’ என்று அவர் சொன்னதுதான் அந்த மென்பொருள். ஆங்கிலத்தில் அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. எங்கள் சின்னக் குழுவில் அதைச் ‘சந்தி’ என்று கூப்பிடுகிறோம். தமிழ்நாட்டு வாசகர்கள் ஜங்ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளத் தெரியாதவை. போன் செய்தி ஒரு மொழியில் இருக்கும், படிவம் வேறு மொழியில் இருக்கும், அட்டவணைக் கோப்பு இன்னொரு மொழியில் இருக்கும். சந்தி நடுவில் நின்று ஒவ்வொரு வழியாலும் வருவதை வாங்கி, பிரித்து, ஒரே உருவமாக்கி, போக வேண்டிய இடத்துக்கு அனுப்பும். இது திறந்த மூல மென்பொருள். வகுப்புக் குறிப்பைச் சுவரில் ஒட்டிவிட்டு, பிழை கண்டவர் யாராக இருந்தாலும் திருத்தலாம் என்று சொல்வதைப் போன்றது. உலகம் முழுவதும் பலர் சும்மா கிடைக்கும் நேரத்தில் அதை எழுதுகிறார்கள். நான் மன்னாரில் முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவள். எனக்கு நிரல் எழுத வராது. ஆனால் உதாரணம் எழுத வரும். மூன்று வருடமாக இதன் கையேட்டுக்கு உதாரணங்கள் எழுதிக் கொடுக்கிறேன். புதிய பதிப்பின் கையேட்டில் பாக்கியம் அக்காவின் புதன் சாப்பாடே ஒரு உதாரணம், பெயர்களை மாற்றி. அதை நேரில் ஓட்டிக் காட்டத்தான் மனுகாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் மரக்கறி ரோல் நாலு வாங்கினோம், பன்னிரண்டு டொலர். 8.05 பஸ்ஸில் ஏறினோம். நகரத்துக்கு ஆறு கிலோமீற்றர், சனிக்கிழமைகளில் இருபத்தைந்து நிமிடம். எங்களிடம் முதியோர் தங்க அட்டை இருப்பதால் கட்டணம் இல்லை. வார நாட்களில் ஒன்பது மணிக்குப் பிறகுதான் இலவசம், சனி ஞாயிறில் நாள் முழுவதும்.

அந்தப் பஸ்ஸிலேயே புதிய பதிப்பின் முதல் அம்சத்தை அந்தோனிக்கு விளங்கப்படுத்தினேன். நாங்கள் இருந்த பஸ் எல்லாத் தரிப்பிலும் நிற்கவில்லை. யாரோ மணியை அழுத்தினால், அல்லது தரிப்பில் யாராவது கை காட்டினால் நின்றது. பழைய சந்தி எந்தத் தரிப்பிலும் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நின்று நின்று போகும் பஸ் மாதிரி. இரவும் பகலும் ஒரு கணினி விழித்திருக்க வேண்டும். அந்தக் கணினியும் எங்கள் வீட்டில் இல்லை. மேகக்கணிமை என்று சொல்லப்படும் எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறது. விழித்திருக்கும் நேரத்துக்கெல்லாம் வாடகை. புதிய சந்தி ஒரு செய்தி வந்தால் ஒரு விநாடிக்குள் எழும்பி, வேலையை முடித்து, திரும்பத் தூங்கிவிடும். எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்கு இது ஒன்றே போதும். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம் வரை விழித்திருந்தால் சரி.

“அப்ப அது என்னைப்போல,” என்றார் அந்தோனி.

நகரத்தில் இறங்கி ரயில் நிலையத்துக்கு நடந்தோம், நாலு நிமிடம். வாசலில் மஞ்சள் மேல்சட்டைக்காரர்கள் நின்றார்கள். தண்டவாள வேலை. சனி ஞாயிறு ரயில் இல்லை, பதிலுக்குப் பஸ். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது என் வேலை, நான் பார்க்கவில்லை. ரயிலில் என்றால் மனுகாவுக்கு நாற்பது நிமிடத்தில் போகலாம். பதில் பஸ் எழுபது நிமிடம் எடுக்கும். கூட்டம் 10.30க்கு.

9.04க்குக் கிளம்பிய அந்தப் பஸ்ஸின் சாரதி ஈப்போவில் பிறந்த தமிழர். நாங்கள் கதைத்ததைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ரயில் எங்கே என்று அந்தோனி கேட்டதற்கு, “இன்னிக்கு நான்தான் ரயில் லா, அங்கிள். ஒக்காருங்க, எல்லா ஸ்டேஷன்லயும் நிப்பேன்,” என்றார். சொன்னபடி எல்லா நிலையத்துக்கும் உள்ளே போய் வளைந்து வந்தார். பன்மியூரில் ஒரு அம்மா குழந்தை வண்டியோடு ஓடி வந்தபோது கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். நேரம் போனது. ஆனால் ஒருவரையும் விட்டுவிட்டுப் போகவில்லை.

புதிய பதிப்பில் இதற்கும் இடம் இருக்கிறது. ஒரு வழி மூடிக் கிடந்தால் எந்த மாற்று வழியால் போக வேண்டும் என்று ஒரே வரியில் எழுதி வைக்கலாம். முன்பு அதற்கு ஒரு பக்கம் நிரல் தேவைப்பட்டது. பெட்டிகளைக் கொண்டுபோகும் சாரதிக்கு மின்னஞ்சல் போகவில்லை என்றால் போன் செய்தியாக அனுப்பு, அதுவும் போகவில்லை என்றால் எனக்குச் சொல் என்று நான் எழுதியிருக்கிறேன். இன்னொன்று, பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைத் தொடுகிறோம் அல்லவா? யார், எங்கே ஏறி, எங்கே மாறி, எங்கே இறங்கினார் என்பது முழுவதும் பதிவாகும். புதிய சந்தியில் ஒவ்வொரு செய்திக்கும் அப்படி ஒரு அட்டை உண்டு. ஒரு செய்தி காணாமல் போனால் கடைசியாக எந்த இடத்தில் தொட்டது என்று பார்க்கலாம். இது எங்களுக்கு எவ்வளவு உதவப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

10.14க்கு மனுகாவில் இறங்கினோம். கூட்டம் நடந்த கல்விநிலையம் பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை, மூன்றாம் மாடி, மின்தூக்கி உண்டு. இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். தேநீரும் பிஸ்கட்டும் இலவசம். நடத்தியவர் கவிதா, கோயம்புத்தூர்ப் பெண், ஒக்லாந்துக்கு வந்து நாலு வருடம். இந்த மென்பொருளை எழுதுபவர்களில் ஒருவர். மூன்று வருடமாக மின்னஞ்சலில் பழக்கம் இருந்தும் அன்றுதான் நேரில் பார்த்தேன். “டீச்சர், உங்க உதாரணத்தைப் படிச்சாத்தான் நான் எழுதினது எனக்கே புரியுதுங்க,” என்று சொல்லி என் பையை வாங்கிக்கொண்டார். அந்த நொடியில் எனக்கு உச்சி குளிர்ந்தது உண்மை. பிறகு நடந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கவிதா முக்கால் மணித்தியாலம் ஆங்கிலத்தில் விளக்கினார். எனக்கு அதிகம் பிடித்தது வரைபலகை. செய்தி எங்கிருந்து வருகிறது, எதில் பிரிகிறது, எங்கே சேர்கிறது என்பதைப் பெட்டியும் கோடுமாகத் திரையில் வரையலாம். வரைந்து முடித்தால் சந்தி அதையே வேலைத்திட்டமாக எடுத்துக்கொள்ளும். கரும்பலகையில் படம் போட்டுப் பழகியவர்களுக்கு இது கைவந்த விடயம். அடுத்தது ஒத்திகை. உண்மையான செய்திகளை உள்ளே விட்டு எல்லா வேலையையும் செய்யவைக்கலாம். கடைசியில் வெளியே மட்டும் எதுவும் போகாது. பரீட்சைக்கு முன் மாதிரிப் பரீட்சை வைப்பதுபோல. மூன்றாவது, ‘நிறுத்தி வைத்தவை’ என்ற பக்கம். முன்பெல்லாம் சந்தி ஒரு செய்தியைக் கழித்தால் அது சத்தமில்லாமல் மறைந்துவிடும். இப்போது கழித்தது எது, என்ன காரணம் என்று தனிப் பக்கத்தில் வரிசையாக நிற்கும். காரணத்தைச் சரிசெய்தால் அவற்றைத் திரும்ப ஓட்டலாம்.

11.20க்கு என் முறை வந்தது. பாக்கியம் அக்காவிடம் கேட்டு வாங்கி வந்த போன வாரத்துச் செய்திகளை ஒத்திகையில் விட்டேன். அந்த வாரம் உண்மையில் போனது நாற்பத்தாறு பெட்டி. அதனால் விடை முன்கூட்டியே தெரிந்த கணக்கு. நானும் தைரியமாகச் சபையைப் பார்த்து, முடிவில் நாற்பத்தாறு வரும் என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

பத்தொன்பது வந்தது.

முதலில் திரையில் மீதி இன்னும் ஏறவில்லை என்று நினைத்தேன். கவிதா என் பக்கத்தில் வந்து நின்று ‘நிறுத்தி வைத்தவை’ பக்கத்தைத் திறந்தார். இருபத்தேழு செய்திகள், அவற்றின் அட்டை கடைசியாகத் தொட்ட இடம் அதுதான். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் எழுதியிருந்தது: ஏற்கெனவே வந்தது.

புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. ஒரே ஆள் இரண்டு தடவை செய்தி அனுப்பினால் இரண்டு சாப்பாடு போய்விடும். அதைத் தடுக்க இரட்டிப்பு நீக்கம் என்ற ஒரு வசதி உண்டு. எதை வைத்து ஒரே ஆள் என்று அறிவது என்பதை நாம் சொல்ல வேண்டும். போன் எண்ணை வைத்து என்று நான் எழுதியிருந்தேன். ஒரு போன், ஒரு ஆள். கையேட்டிலும் அப்படியே, பெருமையாக. எங்கள் வீடுகளில் எங்கே ஒரு போனுக்கு ஒரு ஆள்? மகளின் போனிலிருந்து தாய்க்கு ஒரு செய்தி, தகப்பனுக்கு ஒன்று, மருமகனின் தாய்க்கு ஒன்று, பக்கத்து வீட்டு ஐயாவுக்கும் ஒன்று. எங்கள் வீட்டிலேயே அந்தோனியின் எண்ணைத்தான் வைத்தியசாலை முதல் தேவாலயம் வரை எல்லா இடத்திலும் எனக்கும் கொடுத்திருக்கிறோம். ஒரு கணக்கு டீச்சர் இதை யோசிக்கவில்லை.

இருபத்திரண்டு பேருக்கு முன்னால் என் முகம் சூடாகியது. சபையில் இருந்த ஒரு தொங்கா நாட்டுக்காரர் கையை உயர்த்தி, தங்கள் தேவாலயப் பட்டியலிலும் பதினொரு பேருக்கு ஒரே எண்தான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு. அந்தோனி மட்டும் பின்வரிசையிலிருந்து தமிழில் சொன்னார், “முப்பத்தொரு வருசம் பிள்ளையளுக்கு விடையைச் சரிபார் எண்டு சொன்ன ஆள் நீரெல்லே.”

கவிதா பேரையும் போன் எண்ணையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று கேட்டார். சரிவராது. ஒரே வீட்டில் இரண்டு கமலா உண்டு, மாமியாரும் மருமகளின் தாயும். பேரையும் ஒரு வாரம் தமிழில் எழுதுவார்கள், மறு வாரம் ஆங்கிலத்தில். அப்படியென்றால் பாக்கியம் அக்கா எப்படிப் பிழையில்லாமல் பிரித்தார்? “அவங்களையே கேட்டுடலாம் டீச்சர்,” என்றார் கவிதா.

11.31க்கு எடுத்தேன், அக்காவின் போன் வேலையாக இருந்தது. ஒரு நிமிடம் விட்டு எடுத்தேன், வேலை. இரண்டு நிமிடம் விட்டு எடுத்தேன், வேலை. நாலு நிமிடம் விடுவோம் என்று நான் மணிக்கூட்டைப் பார்க்க, கவிதா சபையைப் பார்த்து இதுதான் புதிய பதிப்பின் மறுமுயற்சி அம்சம் என்றார். எதிர்ப்பக்கம் வேலையாக இருந்தால் சந்தி உடனே உடனே தட்டித் தொல்லை கொடுக்காது. ஒவ்வொரு தடவையும் இடைவெளியை இரண்டு மடங்காக்கிக் காத்திருக்கும். நான் படிப்பிக்காமலே ஒரு உதாரணமாகிவிட்டேன். நாலாவது தடவை, 11.38க்கு, அக்கா எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டோம்.

“பேரோ? நான் பேரைப் பார்க்கிறதே இல்லை,” என்றார். “பெட்டியைத்தான் பார்க்கிறனான். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பெட்டி, மூடியில சிவப்பு நகப்பூச்சால நம்பர் போட்டிருக்கிறன். செய்தியில அந்த நம்பரைப் போடச் சொல்லியிருக்கிறன். பதினேழாம் பெட்டிக்கு உப்புக் குறைய, இருபத்தொண்டுக்குக் கத்தரிக்காய் கூடாது. உனக்கு இது தெரியாதே?”

எனக்குத் தெரியாது. ‘கமலா 17 புதன் வேணும்’ என்று வந்த செய்திகளையெல்லாம் பார்த்து, பதினேழு என்பது வீட்டு இலக்கம் என்று நினைத்தேன். சாப்பாட்டுக் கணக்குக்கு வீட்டு இலக்கம் எதற்கு என்று அந்த எண்ணை ஒதுக்கும்படி எழுதியதும் நான்தான். மூன்று தடவை அக்காவின் வீட்டுக்குப் போயிருக்கிறேன். சமையலறை அலுமாரியில் அடுக்கியிருந்த பெட்டிகளின் மூடியைத் திருப்பிப் பார்த்ததில்லை.

கவிதா அக்காவின் பதிலை ஆங்கிலத்தில் சொன்னதும் அறையில் கைதட்டல். அது எனக்கல்ல, அக்காவுக்கு. வரைபலகையில் ஒரே ஒரு பெட்டியைத் திருத்தினோம்: போன் எண்ணுக்குப் பதில் பெட்டி எண். ‘நிறுத்தி வைத்தவை’யைத் திரும்ப ஓட்டினோம். நாற்பத்தாறு. திரையில் அந்த எண்ணைக் கண்டதும் நான் கவிதாவைக் கட்டிப்பிடித்துவிட்டேன். ஒத்திகை இல்லாமல் நேரடியாக ஓட்டியிருந்தால் அடுத்த புதன்கிழமை இருபத்தேழு பேர் வாசலைப் பார்த்துக்கொண்டு பசியோடு இருந்திருப்பார்கள். கையேட்டில் என் உதாரணத்தின் பிழையை அங்கேயே உட்கார்ந்து நானே திருத்தினேன். பழைய பிழையை அழிக்க வேண்டாம், கீழே ‘இப்படிச் செய்யாதீர்கள்’ என்று போடலாமா என்று கவிதா தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாக என்றேன். பிழையான விடையைக் கரும்பலகையில் விட்டு வைத்துப் படிப்பித்த பாடம்தான் பிள்ளைகளுக்கு நிற்கும்.

முடிக்கும்போது கவிதா, “மெயில் பாக்ஸையும் சேர்த்துடலாங்களா? புதுசா ஒரு வழி சேர்க்க இப்ப ஒரு கோடு போட்டாப் போதும், காட்டிடலாம்,” என்றார். மின்னஞ்சலில் யாரும் எழுதுவதில்லை என்று அக்கா சொல்லியிருந்தார். இருந்தாலும் கடவுச்சொல்லை ஒரு அட்டையில் எழுதித் தந்திருந்தார். கோட்டை இழுத்தோம். பட்டியல் மாறவில்லை, நாற்பத்தாறுதான். ஆனால் ‘நிறுத்தி வைத்தவை’ பக்கத்தில் புதிதாக மூன்று வந்து நின்றன. காரணம்: பெட்டி எண் இல்லை. அதற்குள் அடுத்தவர் பேச எழுந்துவிட்டார். அக்கா போனில் சொன்ன உப்பு, கத்தரிக்காய்க் குறிப்புகளையும் சேர்த்து, கவிதா எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தந்தார்.

ரோல்களைக் கல்விநிலைய முற்றத்தில் வெயிலில் இருந்து சாப்பிட்டோம். 1.12க்கு மனுகாவிலிருந்து 35ஆம் இலக்க பஸ், பொட்டனி வரை முப்பத்தெட்டு நிமிடம். அங்கே ஏழு நிமிடம் காத்திருந்து 70ஆம் இலக்கம், பக்குரங்கா கடைத்தொகுதிக்குப் பதினைந்து நிமிடம். அங்கிருந்து அக்கா வீடு ஒன்பது நிமிட நடை, கடைசிப் பகுதி மேடு. முழங்கால் வலி உள்ளவர்கள் இடது பக்க ஒழுங்கையால் போங்கள், அது சாய்வு குறைவு.

அக்கா எங்களைக் கண்டதும் தேத்தண்ணி வைக்கப் போகவில்லை. அதிலேயே நிலைமை தெரிந்தது. மேசையில் கொப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடி, பக்கத்தில் போன். நிறுத்துகிறேன் என்ற செய்தியை மகளைக் கொண்டு எழுதியும் வைத்திருந்தார், அனுப்புவதுதான் மிச்சம். நான் பட்டியலை நீட்டினேன். அவர் என்னைப் பார்க்காமல், விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து, போன வாரக் கொப்பியோடு ஒப்பிட்டார். நாற்பத்தாறு வரிக்கும் பத்து நிமிடம். பரீட்சைத் தாளைத் திருத்துபவருக்கு எதிரில் பிள்ளை நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்று தெரிந்தது. அந்தோனி மெல்ல எழுந்து போய்த் தானே கேத்தலைப் போட்டார்.

“சரிதான்,” என்றார் அக்கா கடைசியில். “இருபத்தொண்டுக்குக் கத்தரிக்காய் கூடாதெண்டும் போட்டிருக்கு.” சிரிக்கவில்லை. “ஆனா மேரி, எனக்குக் கண் மட்டுமில்லை, அலுப்பும்தான். ஒரு வருசம் விட்டிட்டுப் பார்ப்பமெண்டு நினைக்கிறன்.”

எனக்கு மறுத்துச் சொல்ல மனம் வரவில்லை. ஒன்பது வருடமாகச் சமைக்கிறார். களைத்தவரிடம் பட்டியல் சரியாக வந்துவிட்டது, இனிச் சமையுங்கள் என்று சொல்ல நான் யார்? தாள்களைச் சேர்த்து மடித்தபோது கடைசித் தாள் கீழே இருந்தது. அது என்ன என்று கேட்டார். மின்னஞ்சலில் வந்த மூன்று, பெட்டி எண் இல்லாததால் நின்றுவிட்டது என்றேன். வாசிக்கச் சொன்னார்.

மூன்றும் ஒருவரே எழுதியவை. மனுகாவில் தனியாக இருக்கும் நடராசா என்பவர். முதலாவது நாலு வாரத்துக்கு முந்தியது. மனைவி இறந்து இரண்டு மாதம், சமைத்துப் பழக்கமில்லை, ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா என்று கேட்டிருந்தார். இரண்டாவது, முதல் கடிதம் கிடைக்கவில்லையோ என்று. மூன்றாவது போன வாரம் வந்தது. இரண்டே வரி: இடம் இல்லாவிட்டால் பரவாயில்லை. தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கவும்.

அக்கா தாளை என் கையிலிருந்து வாங்கி உருப்பெருக்கியை வைத்துத் தானே ஒரு தடவை படித்தார். மூன்றாவதை இரண்டு தடவை. நாலு வாரமாக அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை என்று தனக்குத் தானே சொல்வது போலச் சொன்னார். பிறகு கடிதத்தின் கீழே இருந்த எண்ணை என்னிடம் தட்டச் சொல்லி, போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

“நடராசா ஐயாவே? நான் பாக்கியம் கதைக்கிறன், புதன் சாப்பாடு. ஓம். ஓம், உங்கட கடிதம் கிடைச்சது. பிந்திப்போச்சு, பிழை என்ரதான்.” கொஞ்ச நேரம் மறுபக்கம் கேட்டார். கண்ணைத் துடைத்தார், புரையாலோ வேறு எதாலோ. “அதெல்லாம் இருக்கட்டும். நீங்கள் என்ன சாப்பிடமாட்டியள், அதைச் சொல்லுங்கோ.”

கொப்பியில் ஒரு வரி எழுதினார். பிறகுதான் மகள் எழுதி வைத்த செய்தியைக் காட்டி, இதை எப்படி அழிக்கிறது என்று என்னைக் கேட்டார். அழித்துக் கொடுத்தேன். தேத்தண்ணியை நாலு மணிக்குக் குடித்தோம். அந்தோனி சீனி போட மறந்திருந்தார், அப்படியே குடித்து முடித்தோம்.

4.25க்கு 70இல் ஏறி நகரத்துக்கு வந்தோம், ஐம்பத்திரண்டு நிமிடம். அங்கிருந்து சான்ட்ரிங்ஹாம் பஸ். இரண்டு பேருக்கும் அன்றைய செலவு ரோல் பன்னிரண்டு டொலர், நகரத்தில் தண்ணீர்ப் போத்தல் மூன்று டொலர் ஐம்பது சதம். தங்க அட்டை இல்லாதவர்கள் கட்டணத்தைப் புறப்படும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாறுகிறது. ரயில் ஓடுகிறதா என்பதை வெள்ளிக்கிழமையே பாருங்கள். ஓடாவிட்டால் முப்பது நிமிடம் முன்னதாகப் புறப்படுங்கள். கூட்டத்துக்கு மடிக்கணினி கொண்டுபோக வேண்டியதில்லை. பதிந்துகொண்டால் போதும். மூன்றாம் மாடியில் குளிரூட்டி பலமாக ஓடும், ஒரு மேற்சட்டை எடுத்துப் போங்கள்.

சந்தியைப் பயன்படுத்த நினைக்கும் கோயில், பள்ளி, சங்கக்காரர்களுக்கு மூன்று விடயம் சொல்வேன். எதையும் முதலில் ஒத்திகையில் ஓட்டுங்கள், அதுவும் விடை முன்பே தெரிந்த ஒரு வாரத்தை வைத்து. ஒரே ஆள் என்று எதை வைத்து அறிவது என்பதை நீங்களாக முடிவெடுக்காதீர்கள். அந்த வேலையை இதுவரை கையால் செய்தவரைக் கேளுங்கள், அவரிடம் ஒரு நகப்பூச்சு எண் கட்டாயம் இருக்கும். ‘நிறுத்தி வைத்தவை’ பக்கத்தை வாரம் ஒரு தடவையாவது ஒரு மனிதர் திறந்து பார்க்கட்டும். இயந்திரம் காரணத்தை எழுதி வைக்கும். போன் எடுத்துக் கதைக்க வேண்டியது நாங்கள்தான்.

இந்தப் புதன்கிழமை நாற்பத்தேழு பெட்டிகள் போயின. நாற்பத்தேழாம் பெட்டிக்குப் பாகற்காய் கூடாது.